அகலக்கால் வைத்த வண்டி

ஆரணி
14-11-75

மாமாவுக்கு செங்கம்மாள் எழுதிக்கொண்டது.

சுகமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. ஆகையால் கேட்கவில்லை.

அண்ணனை நேற்று பட்டணத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஆரணிக்குக் கொண்டுவந்துவிட்டோம். இடது காலில், முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. தொடையிலிருந்து விரல் வரைக்கும் மாவுக்கட்டு. தை பிறக்கும் வரை காலைக் கீழே ஊன்றக்கூடாதாம். அதற்கப்புறமும் கால் கொஞ்சம் குட்டையாகத்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். கனகாம்பாள் அண்ணி அதைக் காதில் வாங்காத மாதிரி நின்றாள். இடது கால் இல்லாமல் கிளச்சை எதனால் மிதிப்பார்? கார் ஓட்டித்தானே இந்த வீட்டில் அடுப்பு எரிகிறது?

எப்படி நடந்தது என்று உங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். இங்கே பக்கத்தில் பெரியபாளையத்துக் கோயிலில் மாப்பிள்ளை வீட்டாரை இறக்கிவிட்டு அண்ணன் தனியாகத் திரும்பியிருக்கிறார். பின்பக்கத்து இடது சக்கரம் கழன்று, வண்டிக்கு முன்னால் ஓடியதாம். "நம்ம சக்கரமா அதுன்னு ஒரு நிமிசம் பாத்துக்கினே இருந்தேன்டி" என்கிறார். அதற்குள் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து இழுத்துக்கொண்டுபோய்ப் புளியமரத்தில் மோதிவிட்டது. ஆட்கள் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் இருந்தது நீங்கள் கடைந்து கொடுத்த வளையம். அண்ணிக்கு அது போதும். "அந்தப் பேக்கிங்க செஞ்சவன் ஊட்டுக்கு நீ இன்னா மூஞ்சியோட திரும்பிப் போவே?" என்று காலையில் காபியோடு சேர்த்துக் கேட்டாள். கேட்டு வாங்கியது அண்ணன்தான், எனக்குத் தெரியாதா? ஏதோ முதலாளியின் காரில் சக்கரம் நாலும் மட்கார்டு வரைக்கும் வெளியே வந்து அகலக்கால் வைத்து நின்றதைப் பார்த்துவிட்டு, நம்ம அம்பாசடரும் அப்படி நின்றால் கல்யாணக்காரர்கள் தேடி வருவார்கள் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஆனால் "நச்சுனு செஞ்சித் தரேன் மச்சான், பயப்படாதே" என்று சொன்னது நீங்கள்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். உங்கள் கை வேலையில் பிசகு உண்டா, இல்லையா? இல்லை என்றால் சொல்லுங்கள், அண்ணி எதிரிலேயே பையைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். உண்டு என்றால் அண்ணன் எழுந்து நடக்கிற வரைக்கும் பீ மூத்திரம் அள்ளிப்போட வேண்டியவள் நான்தான். அப்புறமும் உங்களோடு வந்து எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் இங்கே வராதீர்கள். ஆஸ்பத்திரியில் பட்டது போதும்.

செங்கம்மாள்


கும்மிடிப்பூண்டி
18-11-75

செங்கம்மா,

உன் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் பட்டது போதும் என்று நீ எழுதியதால் எழுதுகிறேன். வார்டில் இருபது பேர் பார்க்க உன் அண்ணி என்னைக் கேட்டாள், "இன்னாத்துக்கு வந்தே? இன்னொரு கால் பாக்கி இருக்குதுன்னா?" நீ அங்கேதான் தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். வாங்கிவந்த சாத்துக்குடியை பெஞ்சியிலேயே வைத்துவிட்டு ரயிலேறினேன். மச்சானுக்கு அதில் ஒன்றையாவது பிழிந்து கொடுத்தீர்களா தெரியாது.

பிசகு உண்டா என்று கேட்டிருக்கிறாய். அந்த வளையத்தை எப்படிச் செய்தேன் என்று உனக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. நீயும் கேட்டதில்லை. எங்கள் ஃபோர்மேன் ராஜமாணிக்கம் அதை ஸ்பேசர் என்பார். சக்கரத்துக்கும் அது மாட்டுகிற பிரேக் டிரம்முக்கும் நடுவில் வைத்து, சக்கரத்தை வெளியே தள்ளுகிற தடித்த வளையம். நாலு வாஷரை அடுக்கி வைத்து இதே வேலையைச் செய்கிறவர்கள் உண்டு. அது தற்கொலை. நான் அவரைக் கெஞ்சி, ஷிஃப்ட் முடிந்தபிறகு, பின்சக்கரம் இரண்டுக்கும், ஒவ்வொன்றும் ஒரே இரும்புத் துண்டில் அரை அங்குலத் தடிப்புக்குக் கடைந்தேன். மச்சான் ஒரு அங்குலம் கேட்டார். முடியாது என்றேன், மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நடுத்துவாரம் டிரம்மின் மய்யத்தில் பிடித்து உட்காருகிற மாதிரி விட்டேன். சக்கரம் வெளியே போனால், டிரம்மிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற பழைய ஸ்டட்டில் நட்டு ஏற மறை போதாது. ஆகவே மெக்கானிக் அப்பாவுவிடம் சொல்லி நீள ஸ்டட் போடவைத்தேன். நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, திருவள்ளூர் வரை ஒரு நடை ஓட்டிப்போய் வந்து, மறுபடி ஜாக்கி போட்டு முறுக்கினோம். அன்றைக்கு நானும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனேன். பயமிருந்தால் உட்கார்ந்திருப்பேனா?

மச்சானிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் மண்ணோ கிரீசோ துருவோ, ஒரு காகிதத் தடிப்புக்கு எது இருந்தாலும் சரி, ஓட ஓட அது நசுங்கிவிடும். நசுங்கினால் நட்டு தளரும். எப்போது கழற்றினாலும் துடைத்துவிட்டு மாட்டு, கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி முறுக்கு என்றேன். "சர்தான் மாப்ள, நீ வேற வாத்தியார் கணக்கா" என்றார்.

சித்திரையிலிருந்து ஐப்பசி வரை ஓடியிருக்கிறது. பிசகு இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே காட்டியிருக்கும் என்று என் மனசு சொல்கிறது. ஆனால் பார்க்காமல் இல்லை என்று எழுத என் கை ஓடவில்லை. கழன்ற வளையத்தை அனுப்பு. உன் தெருவிலிருந்து துளசிராமன் இங்கே கெமிக்கல் கம்பெனிக்கு தினமும் வருகிறான், அவனிடம் கொடுத்துவிடு.

நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை. சொல்லக்கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

முனிகிருஷ்ணன்


ஆரணி
27-11-75

மாமாவுக்கு,

வளையத்தைத் துளசிராமன் அண்ணனிடம் பழைய துணியில் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். "இன்னாமா இது, அம்மிக்கல்லா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ராத்திரி பகல் ஒன்றாகிவிட்டது. அண்ணனுக்குக் கட்டுக்குள்ளே அரிக்கிறது, விளக்குமாற்றுக் குச்சியை விட்டுச் சொறியச் சொல்கிறார். அரிப்பு நின்றால் வலி. வலி நின்றால் எரிச்சல். அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுகிறாள், அவரைத் தூக்கி உட்காரவைப்பதில் அவளுக்கும் போய்விட்டது. வண்டி வாசலில் மூக்கு நசுங்கி நிற்கிறது. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். ஒருத்தராவது ஒரு குடம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் தேவலை.

வளையத்தை அனுப்புமுன் நன்றாகத் துடைத்தேன். ஆயுத பூஜைக்கு நான் இங்கே வந்திருந்தபோது வண்டியைக் கழுவ சக்கரத்தையெல்லாம் கழற்றினார்கள் இல்லையா, அப்போது நான்தான் அதற்கு சிவப்பு எனாமல் அடித்தேன். உங்களுக்குச் சொல்லவில்லை, நீங்களே வந்து பார்க்கும்போது சொல்லலாம் என்று இருந்தேன். அண்ணி ஸ்டீயரிங்குக்கு சந்தனம் வைத்தாள், டிக்கிக்கு மாலை போட்டாள், உங்கள் கையால் செய்த சாமானை மட்டும் ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. எனக்குத் தாங்கவில்லை. இரண்டு வளையத்துக்கும் முன்னே பின்னே ஓரம் எல்லாம் இரண்டு கோட்டு, கொழகொழவென்று அடித்தேன். காயக்கூட இல்லை, மறுநாள் காலையில் சவாரி என்று அண்ணன் எடுத்து மாட்டிவிட்டார். சக்கரத்துக்குப் பின்னால் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. அவ்வளவு அழகாக இருந்தது. இப்போது பாதி பெயின்ட் நசுங்கி வழித்துப் போய்விட்டது. ஓரத்தில் என் விரல் ரேகை மட்டும் அப்படியே பதிந்திருக்கிறது, பாருங்கள்.

அண்ணன் உங்களைத் திட்டவில்லை. அதைச் சொல்ல வேண்டும். "தப்பு நடந்துச்சுன்னா வந்து சொல்லிட்டுப் போட்டுமே, அடிச்சிடவா போறோம்" என்கிறார். அண்ணிதான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வளையத்தைப் பார்த்துவிட்டு உடனே எழுதுங்கள். பிசகு இல்லை என்று எழுதினால் அன்றைக்கே கிளம்புகிறேன். அப்படித்தான் எழுதுவீர்கள் என்று துணிகளைக்கூட மடித்து வைத்துவிட்டேன்.

செங்கம்மாள்


கும்மிடிப்பூண்டி
2-12-75

செங்கம்மா,

வளையம் வந்தது. பார்த்தேன்.

பிசகு என்னுடையதுதான். நடுத்துவாரத்தைக் கொஞ்சம் லூசாக விட்டிருக்கிறேன். அன்றைக்குக் கரண்ட் போய்ப் போய் வந்தது, அவசரத்தில் அளவு தப்பியிருக்கும். மச்சானிடமும் அண்ணியிடமும் நான் ஒப்புக்கொண்டதாகச் சொல்லிவிடு. மன்னிப்புக் கேட்டதாகவும் சொல்லு.

நீ மச்சானைப் பார்த்துக்கொள். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இன்னொன்று. நீ பெயின்ட் அடித்ததை அண்ணியிடம் பேச்சுவாக்கில்கூடச் சொல்லிக்கொண்டிருக்காதே. அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் சொல்லாதே.

முனிகிருஷ்ணன்


ஆரணி
9-12-75

உங்கள் கடிதத்தின் அடியில் பெயின்ட் பற்றி எழுதியிருந்ததைக் கிழித்து எடுத்துவிட்டு, மீதியை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "ஒத்துக்கினான் பாரு, அது போதும்" என்று சொல்லி கண்ணை மூடிக்கொண்டார். அண்ணி போதும் என்று சொல்லவில்லை. கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

கரண்ட் போனதாம், அவசரமாம். யாருக்கு அவசரம்? உங்களை யார் துரத்தினார்கள்? சோறு ஆறிப் போனாலும் வேலையைப் பாதியில் விட்டு வராதவர் என்று உங்களைப் பற்றி ஊரெல்லாம் பெருமையடித்தேனே, என்னைச் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் இத்தனை நாள் நீங்கள் பேச வேண்டியதையெல்லாம் உங்களுக்காக நான் பேசினேன். இனிமேல் எதை வைத்துப் பேசுவது?

மடித்த துணிகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டுவிட்டேன். நான் இங்கேதான் இருப்பேன். தேடாதீர்கள்.

செங்கம்மாள்


கும்மிடிப்பூண்டி
18-12-75

செங்கம்மா,

தேடவில்லை. மச்சான் எப்படியிருக்கிறார் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் ஒப்புக்கொண்டதைத் துளசிராமன் டீக்கடையில் சொல்லியிருக்கிறான். இங்கே எல்லாக் கம்பெனியிலும் தெரிந்துவிட்டது. ராஜமாணிக்கம் என் லேத் பக்கம் வந்து நின்றார். "ஏன்யா, மய்யத் தொளைய லூசா வுட்டியாமே? நீயா?" என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் லேத்தில் வேறு ஆள். எனக்குக் கம்பி அறுக்கிற மெஷின். கம்பியை வைக்க வேண்டியது, அது அறுபடுகிற வரை நிற்க வேண்டியது. மூளைக்கு வேலை இல்லை. நிம்மதிதான். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றக்கூட அலுப்பாக இருக்கிறது. வேலை செய்யாமல் இவ்வளவு அலுப்பு வரும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

சோறு தினமும் குழைந்துவிடுகிறது. தண்ணீர் எவ்வளவு வைப்பாய் என்று எழுது. கோபமிருந்தால் அதை மட்டும் ஒரு கார்டில் எழுதினால் போதும்.

மச்சானின் கட்டுக்குள்ளே குச்சியை விடாதே. புண்ணாகிவிடும்.

முனிகிருஷ்ணன்


ஆரணி
3-1-76

யோவ் மாமா,

உன்னை என்ன செய்தால் தகும்? கோபத்தில் நீ என்று எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை. நேரில் பேசுகிற மாதிரியே எழுதுகிறேன், படி.

பெயின்ட் அடித்ததைச் சொல்லாதே, சம்பந்தம் இல்லை, இருந்தாலும் சொல்லாதே என்று எழுதினாயே, அந்த ஒரு வரி எனக்கு முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. சம்பந்தம் இல்லாததை ஏன் சொல்லக்கூடாது? பாத்திரம் துலக்கும்போதும் அதுதான், அண்ணனுக்குத் துணி மாற்றும்போதும் அதுதான். நேற்று அப்பாவு வண்டியைப் பார்க்க வந்தார். வலது பக்கத்துச் சக்கரத்தையும் ஒரு தரம் கழற்றிப் பாருங்கள் என்று நான்தான் சொன்னேன். அவர் ஸ்பேனரைப் போட்டார், நட்டு வெண்ணெய் மாதிரி சுற்றி வந்தது. "இன்னாமா இது பேஜாரா இருக்குது, இந்தப் பக்கமும் உழுந்திருக்கும்போல" என்றார். வளையத்தை எடுத்து நகத்தால் சுரண்டினார். சிவப்பாக உரிந்துகொண்டு வந்தது. "எந்த மவராசன் இதுக்குள்ளார பெயின்ட் அடிச்சான்? பெயின்ட் அடிச்சி மாட்டினா நட்டு நிக்குமா? வெளி ஓரத்துக்கு அடிச்சிக்கோ, வேணாங்கல. ஒட்டுற எடத்துல அடிக்கலாமா?" என்று என்னிடமே கேட்டார்.

நடுத்துவாரம் லூசா என்று கேட்டேன். இரண்டும் இதே பிடிதான் என்று அதை டிரம்மில் வைத்துக் காட்டினார். சுத்தியலின் கட்டையால் தட்டித்தான் கழற்ற வேண்டியிருந்தது. "முனிகிருஷ்ணன் வேலைய கொற சொன்னா வாய் வெந்துடும்" என்றார். ஒரு மூன்றாம் மனுசன் சொல்கிறான். நான் உன் பெண்டாட்டி, நான் சொல்லவில்லை.

நான்தான் அண்ணன் காலை உடைத்தேன். எழுதிவிட்டேன். ஆசையாக அடித்த பெயின்ட்.

நேராக உள்ளே போய் இரண்டு பேரிடமும் சொன்னேன். அண்ணி அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. அண்ணன், "நானும் பாத்தேன்டி, ஈரமாத்தான் இருந்துச்சு. பளபளன்னு கீதேன்னு மாட்டிட்டேன். மாப்ள சொன்ன மாதிரி மறுபடி முறுக்கல. ஒரு வாரமா டக்கு டக்குனு சத்தம் கேட்டுக்கினே இருந்துச்சு, மட்கார்டு ஆடுதுன்னு வுட்டுட்டேன்" என்றார். நிஜமாகவே அப்படித்தானா, இல்லை எனக்காகச் சொல்கிறாரா, புரியவில்லை. இந்தக் குடும்பத்து ஆம்பிளைகள் எல்லாம் எனக்காகப் பொய் சொல்ல வரிசையில் நிற்கிறீர்களா?

உன்னை யார் சுமக்கச் சொன்னது? லேத்தை விட்டுக் கம்பி அறுக்கப் போனாயே, யாரைக் கேட்டுப் போனாய்? எனக்குத் தாங்காது என்று நீயாக முடிவு செய்துகொண்டாயா? நான் ஒன்றரை மாசமாக அண்ணனின் மலச்சட்டியைத் தூக்குகிறவள். இதைத் தாங்க மாட்டேனா? உன் கடிதத்தை நம்பின இந்த ஒரு மாசமும் உன்னை மனசுக்குள் எத்தனை பேச்சுப் பேசினேன் தெரியுமா? அதையெல்லாம் இப்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

உடனே ஓடி வர வேண்டும் போலிருக்கிறது. ஆனால் எப்படி வருவேன்? உன் தப்புக்காக இங்கே இருந்தேன். இப்போது என் தப்பாகிவிட்டது. அண்ணன் நடக்கிறவரை இந்த வாசலைத் தாண்ட எனக்கு யோக்கியதை இல்லை. அண்ணியும் போ என்று சொல்லமாட்டாள், இரு என்றும் சொல்லமாட்டாள்.

அண்ணன் ஒன்று கேட்கச் சொன்னார். கால் சரியானதும் அந்த வளையத்தை மறுபடி போடலாமா என்று. அண்ணி கையிலிருந்த கரண்டியை வீசியடித்தாள். நல்லவேளை, மாவுக்கட்டில் பட்டது.

செங்கம்மாள்


கும்மிடிப்பூண்டி
8-1-76

செங்கம்மா,

யோவ் என்று ஆரம்பித்ததைப் பார்த்ததும் பாதி அலுப்பு போய்விட்டது. மீதிப் பாதியைப் பற்றி எழுதுகிறேன். நீ மனசில் உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டாய், எனக்கும் கொஞ்சம் இருக்கிறது.

துணியைப் பிரித்து உன் விரல் ரேகையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் செய்த சாமானுக்குப் பொட்டு வைக்கிற மாதிரி நீ பெயின்ட் அடித்திருக்கிறாய். அதுதான் மச்சானின் காலை முறித்தது என்று எப்படி எழுதுவது? ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தேன். நான் செய்தேன் என்று எழுதினால் எல்லோரும் என்னைத் திட்டுவார்கள், எப்படியும் திட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்று எழுதிவிட்டேன். அது பெரிய தியாகமெல்லாம் இல்லை. உன்னிடம் சொல்ல பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வரும்போது ஒன்று நினைத்தேன். செங்கம்மா நம்பமாட்டாள் என்று நினைத்தேன். லூசா, நீயா, பொய் சொல்லாதே என்று எழுதுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். அப்படி எழுதினால் என்ன பதில் எழுதுவது என்றுகூட யோசித்து வைத்தேன். நீ ஒரே தபாலில் நம்பிவிட்டாய். ராஜமாணிக்கம் என் முகத்தைப் பார்த்தாரே, அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்தது. உன் கடிதத்தில் சந்தேகம் இல்லை. கம்பி மெஷின் முன்னால் நின்று நான் அலுத்துப்போனது அதனால்தான், லேத் போனதனால் இல்லை. சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். இதற்கு நீ அழக்கூடாது.

மச்சானுக்கு: போடலாம். வண்டி அகலமாக நிற்கட்டும், அதில் பாவமில்லை. ஆனால் அரை அங்குலத்துக்கு மேல் கேட்கக்கூடாது. என்னிடமிருக்கிற வளையத்தைச் சுரண்டி, எமரிக் காகிதம் போட்டுத் தேய்த்து, வெள்ளை இரும்பாக்கி வைத்திருக்கிறேன். மற்றதையும் அப்படியே செய்ய வேண்டும். டிரம்மின் முகத்தையும் சக்கரத்தின் முகத்தையும் தேய்க்க வேண்டும். ஸ்டட்டுகள் இழுபட்டிருக்கும், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், பார்க்க நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடக்கூடாது. மாட்டி, ஓட்டி, மறுபடி முறுக்கவேண்டும். சத்தம் கேட்டால் மட்கார்டு என்று நினைக்காமல் வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டும். உன் பெயின்ட் வெளி ஓரத்துக்கு மட்டும். அடிக்காதே என்று சொல்லவே மாட்டேன், அந்தச் சிவப்புக் கோட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

நீ வர முடியாது என்று எழுதியிருக்கிறாய். சரி. ஆரணியிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு பஸ் மாறி, ரயில் மாறி துளசிராமன் தினமும் வந்து போகிறான், செத்தா போய்விட்டான்? நான் அங்கே வந்து இருந்துகொண்டு அவனோடு வேலைக்கு வருகிறேன். மச்சானைத் தூக்கி உட்காரவைக்க நான் ஒரு ஆள் போதும். அண்ணியிடம் கேட்டு எழுது. வேண்டாம் என்று அவள் சொன்னால் நான் வந்து வாசலில் நிற்க மாட்டேன். ஒரு தடவை நின்று பார்த்துவிட்டேன்.

முனிகிருஷ்ணன்


ஆரணி
11-1-76

மாமாவுக்கு,

அழாதே என்றால் அழாமல் இருக்க முடியுமா? அழுதேன். அண்ணி பார்த்துவிட்டு, "இன்னாடி, இன்னா எழுதிக்கிறான்?" என்றாள். எத்தனையோ நாளுக்கப்புறம் அவளாக வாயைத் திறந்தது அதற்குத்தான். கடிதத்தை அவளிடமே கொடுத்தேன். எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தாள். சாத்துக்குடி என்று ஒன்றும் அதில் இல்லை, ஆனால் படித்து முடித்துவிட்டு, "அன்னிக்கு அந்தப் பழத்தையெல்லாம் நான்தான் பக்கத்து பெட்டுக்காரனுக்குக் குடுத்துட்டேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம், "வரச்சொல்லு. வந்து அந்த மனுசனைத் தூக்கட்டும், என் இடுப்பு போச்சு" என்றாள். இதற்கு மேல் அவளிடம் எதிர்பார்க்காதீர்கள், இதுவே அவளுக்கு அதிகம்.

ஆமாம், நம்பினேன். அதற்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை, தேடியும் பார்த்துவிட்டேன். ஒன்றுதான் சொல்லமுடியும். காகிதத்தில் எழுதியிருந்ததால் நம்பினேன். உங்கள் எழுத்து ஒரே சீராக இருந்தது, ஒரு அடித்தல்கூட இல்லை. அதையே என் எதிரில் நின்று சொல்லியிருந்தால் பாதியிலேயே காதைச் சொறிந்திருப்பீர்கள், நான் பிடித்திருப்பேன். காகிதத்தில் உங்களுக்குப் பொய் வருகிறது. இனிமேல் எனக்கு எதுவும் எழுத வேண்டாம். என்ன சொல்வதானாலும் நேரில் வந்து சொல்லுங்கள்.

போகியன்று காலை வண்டிக்கே கிளம்பி வந்துவிடுங்கள். உங்கள் தட்டையும் டம்ளரையும் கையோடு எடுத்து வாருங்கள், இந்த வீட்டில் இருப்பது ஆளுக்கு ஒன்றுதான்.

செங்கம்மாள்